எந்தச் சுவர்

மலைப்பாதையில் குஞ்சப்பனை சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டதாக, சூடேற்றும் இயந்திரம் மாட்ட வருகிற பெனடிக்ட் போனில் சொன்னபோது நான் கூடத்தில் அணைந்துபோன கணப்படுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எந்தச் சுவர் என்று இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. "வளைவுல ஒரு லாரி நிக்குது சார், டிராபிக் கிளியர் ஆனதும் வந்துருவேன், நீங்க செவுரு மட்டும் காட்டிருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். சரி என்றேன். என் மனைவி மங்கை பள்ளியில் பாடம் முடித்து வர ஐந்து மணி ஆகும், அவன் அதற்கு முன்பே வந்துவிடக்கூடும், வந்தால் நான் தனியாக ஒரு சுவரை நோக்கிக் கை நீட்ட வேண்டும். முப்பது வருடமாக மற்றவர்களுடைய நிலத்தில் இங்கே கல் நடு, அங்கே கல் நடு என்று கை நீட்டிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளத் தயாராக இருந்த தோட்டங்களில்கூட என் கை நடுங்கியதில்லை, ஏனென்றால் அது என் நிலம் இல்லை. இயந்திரம் வந்து அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. ஒன்று அறைக்குள்ளே சுவரில் மாட்டுவது, ஒன்று வெளியே வைப்பது, நடுவில் ஒரு செம்புக் குழாய், குழாய்க்கு ஒரு துளை. ஒரு துளைதான். இந்த வீட்டின் சுவர்கள் கருங்கல்லும் சுண்ணாம்பும், போட்ட துளையை மறுபடி அடைத்தாலும் தெரியும். காலையில் கிளம்பும்போது மங்கையிடம் கேட்டேன், அந்தத் தம்பி வந்து எந்த இடம் என்று கேட்டால் என்ன சொல்ல. அவள் குடையைத் தேடிக்கொண்டே, "எங்க வெச்சாலும் சரிங்க. நீங்கதான அளக்கறவரு" என்றாள். அதில் கேலி இருந்ததா என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். குடை கிடைக்காமல் போயிருந்தால் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருப்பாள். குடை கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.

ஜனவரியில் எங்கள் பள்ளத்தில் புல் உறைபனியில் வெள்ளையாகிவிடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே பலகை மச்சு, பலகைக்கும் பலகைக்கும் இடையில் விரல் நுழையும் சந்து. இந்த வீட்டைக் கட்டியவர் ஏதோ எஸ்டேட்டில் தலைமைக் கணக்கராக இருந்தவர், துரை வீட்டைப் பார்த்து அதேபோல ஒரு கணப்படுப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார், புகைபோக்கியை மட்டும் சரியாகக் கட்டத் தெரியவில்லை. சீகை மர விறகை அடுக்கிப் பற்றவைத்தால் பாதிப் புகை மேலே போகும், மீதி கூடத்தில் நின்று நம்மைப் பார்க்கும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்று வாங்கினோம், அதைப் போட்டால் சமையலறை விளக்கு மங்கும், மீட்டர் பூச்சி மாதிரி ஓடும். கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம் என்று நித்திலா சொல்லிவிட்டாள். என் மகள் பெங்களூரில் கட்டடங்களின் மின்செலவைக் குறைப்பது பற்றி யோசனை சொல்லும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள், ஆகவே எங்கள் குளிர் அவளுக்கு ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, விறகு வேண்டாம், கரி வேண்டாம். குளிருக்குச் சூடு தர்ற ஏசி இருக்கு. அது சூட்ட உண்டாக்கறதில்லப்பா, வெளிய இருக்கறத உள்ள கொண்டு வருது. அதனாலதான் ஒரு பங்கு கரண்டுக்கு மூணு பங்கு சூடு. புகை இல்ல, கார்பனும் கம்மி." வெளியே பனிதானே இருக்கிறது என்றேன். "பனியிலயும் சூடு இருக்குப்பா. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாள். இது எனக்குப் புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை. கேட்டவுடன் வேறு எதையோ சொல்வதுபோல ஒலிக்கும் பேச்சுகளின் மேல் எனக்குச் சந்தேகம். மின்சாரமும் சுத்தமா என்று கேட்டேன். இந்த மலைத் தண்ணீரில் எடுத்தது என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம், கம்பிக்குள் வந்த பிறகு எது தண்ணீர் எது நிலக்கரி என்று யார் பிரிப்பது. "அது மெதுவா மாறும்ப்பா, உங்க விறகு எப்பவும் மாறாது" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எந்த ரூம்ல வெக்கப்போறீங்க?" என்றாள். பார்க்கலாம் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. தெரிந்தவள் கேட்காமல் விடும் இடம் எப்போதும் ஒரு பள்ளம் மாதிரி, பேச்சில் அங்கே கால் இடறும்.

பெனடிக்ட் போன ஞாயிற்றுக்கிழமை, மங்கை சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், இடம் பார்க்க வந்திருந்தான். மேட்டுப்பாளையத்துக்காரன், முப்பது வயதுக்குள், அவனுக்கே இந்த ஊர் குளிர் தாங்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டே பேசினான். கூடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க வெச்சா வானத்துக்குத்தான் சார் சூடு போகும். இருக்கறதுலயே ஒரு ரூம் சொல்லுங்க. ஜன்னல் சந்த அடைச்சு, கதவச் சாத்தி, அந்த ஒரு ரூம மட்டும் பண்ணிட்டா ஒரு டன் மெஷினே ஜாஸ்தி" என்றான். ஒரு ரூம். அது நியாயம்தான், நித்திலாவும் அதையே சொன்னாள், வீட்டையெல்லாம் சூடாக்குவது வெட்டி, ஆள் இருக்கும் இடத்தைச் சூடாக்கினால் போதும் என்று. ஆள் இருக்கும் இடம் எது என்பதுதான். என் அறையைப் பார்த்தான். ஒற்றைக் கட்டில், ஒற்றைத் தலையணை, ஜன்னல் விளிம்பில் என் கண்ணாடிக் கூடு. பக்கத்து அறையைப் பார்த்தான். ஒற்றைக் கட்டில், ஒற்றைத் தலையணை, நாற்காலியில் மடித்த சேலை, தைல பாட்டில். "இது பொண்ணு ரூம்" என்றேன், அவன் கேட்காமலே. அவன் தைல பாட்டிலையும் சேலையையும் பார்த்துவிட்டு, "ஓகே சார்" என்றான். அந்த ஓகேயில் இருந்த மரியாதையை நான் விரும்பவில்லை. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுப்பது ஒரு குற்றமும் இல்லை, சண்டை இல்லை, நோய் இல்லை, ஆனால் அதைக் கண்ணால் பார்த்த முதல் வெளி ஆள் குழாய் போடுகிறவனாக இருந்தான் என்பது ஏதோ செய்தது. பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பொய்யும் இல்லை, அது பெண்ணின் அறைதான்.

நித்திலா பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் மங்கை அந்த அறைக்குப் போனாள். விடியற்காலையில் எழுப்பிவிட வேண்டும், எழுந்தவள் மறுபடி கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஹார்லிக்ஸ் கலக்க வேண்டும், எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அந்த ஒரு வருடம் அப்படித்தான் இடம் மாறுகிறார்கள், தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் போனபோது நான் செய்தித்தாளிலிருந்து தலை நிமிர்ந்தேனா என்றுகூட நினைவில்லை. எங்கள் பழைய இரட்டைக் கட்டிலைக் கீழ்வீட்டுக்காரர் மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்தோம், இரண்டு ஒற்றைக் கட்டில் செய்தோம், மேசையும் அப்போதுதான் செய்தது. ஆசாரி அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தார், மரத்தை உள்ளே கொண்டுபோய் அறுத்து மேசையாக்கினார், மேசையாக அது இதுவரை கதவைத் தாண்டியதில்லை. தேர்வு முடிந்தது. விடுமுறைதானே, பெண் கல்லூரிக்குப் போகிற வரைக்கும் கூடப் படுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. பெண் போனாள். அம்மாவுக்கு அறை வெறிச்சென்று இருக்கும், கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தது. கொஞ்ச நாள் போனது. இதில் எந்த நாள் என்று யாராவது கேட்டால் நான் காட்ட முடியாது. ஒருவர் நிலம் இன்னொருவர் நிலமாக மாறுவதும் இப்படித்தான், வேலியைப் பிடுங்கி யாரும் நடுவதில்லை, ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் ஒரு முழம் நகர்கிறது, பிறகு ஒரு நாள் சர்வேயரைக் கூப்பிடுகிறார்கள். என் குறட்டையும் ஒரு காரணம் என்று நடுவில் அவள் யாரிடமோ போனில் சொல்லிச் சிரித்தாள். நிம்மதியாக இருந்தது, ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மதியம் கதவைத் திறந்து வெளியே நின்றபோது போஜன் முட்டைக்கோஸ் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். அடுத்த வீடு, அறுபதைத் தாண்டியவர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து விவசாயம் செய்கிறவர். மூட்டையை இறக்கிவைத்தார், அதுவே கேலிக்கு ஆயத்தம். "என்ன சார், ஏசி வந்திருக்காமே? கோத்தகிரிக்கு ஏசியா? அப்படியே எங்க வீட்டு பிரிட்ஜுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தாங்க." இது சூடு தருகிற ஏசி என்றேன், வெளியே இருக்கிற சூட்டை உள்ளே கொண்டுவரும் என்றேன். அவர் வெளியே சுற்றும்முற்றும் பார்த்தார், சூடு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல. "எங்கள லடாக்குல போட்டப்ப ஒரு கரி அடுப்ப நடுவுல வெச்சு எட்டு பேரு படுத்தோம். குளுந்தா வீட்டம்மா பக்கத்துல படுங்க சார், அதுக்கு எதுக்கு மெஷினு" என்றார். சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம்தான். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அந்தச் சிரிப்பு என் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாமல்.

கரி அடுப்பு என்று அவர் சொன்னதுதான் மாட்டிக்கொண்டது. போன ஜனவரியில் ஒரு நாள் மங்கை ஒரு சட்டியில் கரித் தணலை அள்ளித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டாள். இங்கே எல்லோரும் செய்வதுதான். ஜன்னல் சந்துகளில் பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தாள், அதுவும் எல்லோரும் செய்வதுதான். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு வருடமும் யாராவது சேர்த்துச் செய்கிறார்கள், கதவை உடைத்துத் திறக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மறுநாள் காலையில், காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது. "ராத்திரி தல கிறுகிறுன்னு வந்துச்சுங்க. சட்டியக் கொண்டுபோய் வெளிய வெச்சுட்டேன், கை லேசா சுட்டிருச்சு" என்றாள். உள்ளங்கையைக் காட்டினாள், சிவந்திருந்தது. கூப்பிட்டிருக்கலாமே என்றேன். "செவுத்தத் தட்டலாம்னு நெனச்சேன். தூங்கிட்டிருப்பீங்கன்னு விட்டுட்டேன்." அவ்வளவுதான், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். செவுத்தத் தட்டலாம்னு நெனச்சேன். ஒரு வருடமாக இந்த வாக்கியம் எங்கே போனாலும் கூட வருகிறது, தேயிலைச் சரிவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. தட்டியிருந்தால் எழுந்திருப்பேனா. எழுந்திருப்பேன். என் குறட்டை அடங்கியிருந்தால் அவளும் தட்டியிருப்பாளோ, குறட்டை கேட்டதால்தான் சரி தூங்குகிறார் என்று விட்டாளோ. அப்படியென்றால் கை நீட்டித் தட்டுவதற்கும் தட்டாமல் விடுவதற்கும் நடுவில் அவள் நின்ற அந்த நேரத்தில் நான் என்ன கனவு கண்டுகொண்டிருந்தேன். அன்று முதல் இரவில் அவள் இருமலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருமல் வந்தால் எரிச்சலும், வராவிட்டால் பயமும். இந்த இயந்திரத்தை வாங்கச் சொன்னவள் நித்திலா, வாங்கியவன் நான், ஆனால் வாங்க வைத்தது அந்தச் சட்டி. இதைப் பரிவு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இன்னொரு தடவை அந்த வாக்கியத்தைக் காபியோடு கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் இருக்கிறதோ என்னவோ.

அளக்கறவரு என்றாளே, டேப்பை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். வெளிச்சுவர் கிழக்கு பார்த்தது, துளை போட வசதி, வெளி யூனிட்டுக்கு ஓரமாக இடம் இருக்கிறது. சின்ன அறை, சீக்கிரம் சூடேறும், எந்தக் கணக்கில் பார்த்தாலும் இதுதான் சரியான அறை. என் அறை பெரிது, இரண்டு ஜன்னல், சூட்டைப் பிடித்து வைக்காது. நித்திலாவின் மேசை வெறுமையாக இருந்தது. நேற்றுவரை அதன்மேல் மங்கையின் விடைத்தாள் கட்டுகளும் புவியியல் புத்தகங்களும் ஒரு உலக உருண்டையும் இருந்தன. எல்லாம் போயிருந்தன. இழுப்பறையைத் திறந்தேன், அதுவும் காலி, அடியில் விரித்திருந்த செய்தித்தாள்கூட இல்லை. மேசை முனையில் நித்திலா காம்பஸ் முனையால் கீறிய தன் பெயரின் பாதி மட்டும் இருந்தது. காலையில் அவசரத்தில் இருந்த மங்கை எப்போது மேசையைக் காலி செய்தாள் என்று தெரியவில்லை. சுவரை ஒட்டிய மேசை, அந்தச் சுவரில்தான் இயந்திரம் வர முடியும். தூசி விழும் என்று எடுத்து வைத்திருக்கிறாள். அப்படியென்றால் அவள் மனதில் இடம் முடிவாகிவிட்டது, அவள் அறைதான், எங்க வெச்சாலும் சரி என்பது ஒரு பேச்சுக்கு. இது தெரிந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று கீழே உட்கார்ந்தது. ஏமாற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். நன்றாகப் பார்த்தபோது அதில் பாதி நிம்மதி. அவளே தீர்த்துவிட்டாள், நான் கேட்க வேண்டியதில்லை, அவள் கதகதப்பாகத் தூங்குவாள், நான் இரண்டு கம்பளியோடு இருந்துகொள்வேன், விட்டுக்கொடுத்த மாதிரியும் இருக்கும். தியாகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற கோழைத்தனத்தை என்னால் தூரத்திலேயே அடையாளம் காண முடியும், ஆனாலும் உள்ளே வா என்கிறேன். போகிற போக்கில், டேப் கையில் இருந்ததால், மேசை நின்ற இடத்தை அளந்தேன். நீளம், அகலம். பிறகு என் அறைக்குப் போய் என் கட்டிலை அளந்தேன். பழக்கம்தான். மறுபடி வந்து மேசையை அளந்தேன், கதவை அளந்தேன்.

இன்னும் பெனடிக்ட் வரவில்லை. லாரி இன்னும் வளைவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் என் மேலதிகாரி ஒருவர் வீட்டில் இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் ஒரு சதுரம் வெட்டி, அந்தச் சதுரத்தில் ஏசியை வைத்திருந்தார், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரு பக்கம் அவரும் மனைவியும், இன்னொரு பக்கம் மாமனார். இரண்டு பக்கமும் வியர்த்தது, மாமனார் சன் டிவி பார்ப்பது இந்தப் பக்கம் கேட்டது. நாமும் அப்படி ஒன்று செய்தால் என்ன. பொதுச்சுவர்தானே, உச்சியில் ஒரு சதுரம், சூடு இரண்டு பக்கமும் போகும், இருமல் நன்றாகக் கேட்கும், தட்ட வேண்டியதும் இல்லை, கூப்பிட்டால் போதும். சுவரை எடுக்காமல் சுவரில்லாமல் இருக்கும் ஏற்பாடு. இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே இது எவ்வளவு அபத்தம் என்றும் தெரிந்தது, பாதிப் பாதியாகப் போகும் சூடு இரண்டு அறைக்கும் போதாது, மின்சாரம் இரட்டிப்பாகும், நித்திலா போனில் பெருமூச்சு விடுவாள். திறமையான ஏற்பாடு ஒன்றுதான். ஒரு அறை, ஒரு கதவு, உள்ளே இரண்டு பேர். இரண்டு உடம்பே கொஞ்சம் சூடு தரும் என்று பெனடிக்ட்கூடச் சொன்னான், "ஆள் இருந்தா லோடு கம்மி சார்." எல்லாக் கணக்கும் வந்து நிற்கிற இடம் அதுதான், அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது. மின்சாரம் மிச்சமாகும் என்றா. அப்படிச் சொன்னால் சரி என்பாள், சரி என்று தலையணையை எடுத்துக்கொண்டு வருவாள், அந்த வருடம் போனது போலவே, நான் எதற்காகச் சொன்னேன் என்று இருவருக்கும் தெரியாமலே போய்விடும். இல்லை, பயமாக இருக்கிறது என்றா. எனக்கு ஐம்பத்தாறு வயது. வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு இதே வீட்டில் காபி ஆற்ற வேண்டும்.

வேன் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பெனடிக்டின் வேனிலிருந்து முதலில் மங்கை இறங்கினாள், தோளில் பை, கையில் குடை. போன வாரம் வந்த வழியை மறந்து, பஸ் நிறுத்தத்தில் அவளையே கேட்டிருக்கிறான். உள்ளே வந்தவன் துளை போடும் இயந்திரத்தைத் தரையில் வைத்துக் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "சொல்லுங்க சார், எந்தச் செவுரு?" என்றான். மங்கை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் அவள் அறையை நோக்கிக் கை நீட்டினேன். "அந்த ரூம். கிழக்குச் செவுரு. மேடத்துக்குத்தான் இருமல்" என்றேன். கை நடுங்கவில்லை, எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது, பிறகு ஏன் நடுங்கவில்லை என்று புரிந்தது, அதுவும் என் நிலம் இல்லை.

மங்கை பையை இறக்கி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து, "தம்பி, செவுத்தத் தொடறதுக்கு முன்னாடி இந்த மேசைய வெளிய எடுக்கணும், ஒரு கை புடிங்க" என்றாள்.

"ஓரமாத் தள்ளினாப் போதும் மேடம், மெஷின் மேலதான வருது."

"மெஷினுக்கு இல்ல. இந்த எடத்துல சார் கட்டில் வரணும். அவரு என்ன, குளுர்லயா படுப்பாரு?"

பெனடிக்ட் என்னைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே மரியாதையோடு, "ஓகே மேடம்" என்றான்.

நான் வாசலில் வந்து நின்றேன். அவள் மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சட்டி சுட்ட அந்த உள்ளங்கையால். "அப்படியே குறட்டைக்கு ஏதாவது மெஷின் இருந்தா அதயும் மாட்டிட்டுப் போங்க தம்பி" என்றாள் அவனிடம், என்னைப் பார்க்காமல்.

"மேசை கதவுல வராது" என்றேன். சொல்ல வேண்டியது அதுவல்ல, ஆனால் வாயில் அதுதான் இருந்தது.

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"கட்டிலு?"

டேப் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது, மஞ்சள் நுனி வெளியே நீட்டிக்கொண்டு. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள், வகுப்பில் சரியான விடைக்கு ஆட்டுவதுபோல. பெனடிக்ட் தன் இயந்திரத்தில் துளை போடும் முனையைக் கழற்றிவிட்டுத் திருகு முனையை மாட்டிக் குனிந்தான். சுவருக்கென்று கொண்டுவந்தது முதலில் மேசைக் கால்களைத்தான் கழற்றியது. கால்கள் இல்லாத பலகையை நானும் அவளும் ஆளுக்கொரு முனையில் தூக்கினோம், செங்குத்தாக நிமிர்த்தினோம், நான் வாசல் பக்கம் நின்று பின்னோக்கி நடந்தேன். எதிரே பலகைதான் தெரிந்தது, அவள் முகம் அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. "கதவு நெலப்படி வருது" என்றாள். "பாத்து." பார்க்க முடியவில்லை. காலைத் தூக்கிப் பின்னால் வைத்தேன்.